பத்தொன்பது லட்சம் துளைகள்

அந்தத் தெருவில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வருவது அரிது. தண்ணீர்க் குழாய்க்கே இரண்டு கட்சி உண்டு. அப்படிப்பட்ட தெரு, பூட்டிக் கிடந்த தியேட்டரைத் திறக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒரே குரலாக நின்றது. நின்றவர்களில் கண்ணாடிக்கடைக்காரியும் ஒருத்தி. கூட்டத்தில் அவள் வாயே திறக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

அவளுக்கு நாற்பது வயது. தியேட்டருக்கு எதிரே, பத்தடிக்கு எட்டடிக் கடையில், கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவள். பகல் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் பார்க்கிற வேலை என்பதாலோ என்னவோ, மற்ற நேரத்தில் யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டாள். தெரு அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பட்டம் கட்டியிருந்தது. பூச்சிக்கு வாய்தான் இல்லை. ஞாபகம் இருந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன் அவளுடைய அண்ணன் அந்தத் தியேட்டரில் ஆபரேட்டர். பெட்டியில் வரும் படச் சுருள்களை ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டி ஓட்டுவது வேலை. அங்கே மேனேஜராக இருந்தவருக்கு ஒரு வழக்கம் உண்டு. விடுமுறை நாளில் நான்கு காட்சி ஓட வேண்டிய இடத்தில் ஐந்து காட்சி ஓட்டுவார். நேரம் எப்படிப் போதும் என்று கேட்டால், "ஏழாவது ரீலைத் தூக்கிடு" என்பார். பெரும்பாலான படங்களில் ஏழாவது சுருளில் ஒரு பாட்டும் கொஞ்சம் அசட்டுச் சிரிப்பும்தான் இருக்கும். போனால் யாரும் தேடமாட்டார்கள். ஒரு நாள் வந்த படத்தில் கதாநாயகியின் தங்கை ஏழாவது சுருளில்தான் செத்துப்போனாள். அதைத் தூக்கிவிட்டதால், எட்டாவது சுருளில் வீடே கூடி, யாருக்காக என்று சொல்லாமல் அழுதது. ஜனம் முதலில் சிரித்தது. பிறகு விசிலடித்தது. பிறகு நாற்காலியைப் பிடுங்கியது. நெரிசலில் ஒருவருக்குக் கால் முறிந்தது.

மறுநாள் மேனேஜர் ஒரு தாள் எழுதினார். ஆபரேட்டர் குடித்துவிட்டுச் சுருளை மாற்றிப் போட்டான் என்று அதில் இருந்தது. தெருவில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் டீயைத் தாண்டி எதையும் தொட்டதில்லை என்பது பதினோரு பேருக்கும் தெரியும். மேனேஜர் நீட்டினார், போட்டார்கள். வெளியூரிலிருந்த தியேட்டர் உரிமையாளர் தாளைப் படித்துவிட்டு அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார். குடிகாரன் என்று பெயரெடுத்தவனை வேறு எந்தத் தியேட்டரும் சேர்க்கவில்லை. தூரத்து ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் காவலாளியாகப் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து இந்தத் தெருவை மிதிக்கவில்லை. தியேட்டரும் அடுத்த வருடமே மூடிக்கொண்டது.

தங்கைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மேனேஜர் தன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் அதைக் காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அவள் தியேட்டர் திறக்க வேண்டும் என்றவர்களோடு நின்றாள். எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்க அதைவிட நல்ல இடம் ஏது? எப்படிச் சொல்லவைப்பது என்பது மட்டும் அவளுக்கு அப்போது தெரியாது.

தியேட்டரைத் திறக்கத் தெரு அமைத்த குழுவுக்குத் தலைவர் மேனேஜர்தான். வேறு யார்? வேலை போய்ப் பதினேழு வருடமாகியும் தெரு அவரை மேனேஜர் என்றே கூப்பிட்டது; அவரும் திரும்பிப் பார்த்தார். உரிமையாளரிடம் பேசி ஒரு வாக்கு வாங்கியிருந்தார். கட்டடத்தை டைல்ஸ் கிடங்குக்குக் கேட்கிறார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு படம் போட்டுக் காட்டுங்கள், நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், நன்றாக இருந்தால் மூன்று வருடத்துக்குச் சாவி உங்களிடம் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார்.

தெரு வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியது. குப்பை அள்ளினார்கள். தையற்கடை அக்கா நூற்றிருபது நாற்காலிக்கு உறை தைத்தாள். திரை மட்டும் புறா எச்சம் வழிந்து, பழுப்பேறி, பார்க்கச் சகிக்காமல் கிடந்தது.

"இதுக்கா யோசிக்கிறீங்க? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் பெயிண்டர். பதினோரு கையெழுத்தில் மூன்றாவது அவருடையது. சாரம் கட்டி, டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "ஆயில் பெயிண்ட் மேனேஜர் சார். காஞ்சதும் முகம் பாத்துத் தலை சீவலாம், அப்படி மினுங்கும். ரெண்டு கோட்டு அடிக்கிறேன்."

"மூணா அடிப்பா. ஒரு நாள் கூத்துக்கு மீசையை அரைகுறையாவா செரைக்கிறது?"

அந்த நேரத்தில் கண்ணாடிக்கடைக்காரி டீ கொண்டுவந்தாள். டப்பாவைப் பார்த்ததும் அண்ணாந்து திரையைப் பார்த்தாள்.

அது வெறும் திரைச்சீலை இல்லை. தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதில் குண்டூசித் தலை அளவுக்கு லட்சக்கணக்கில் துளைகள் இருந்தன. உட்காருகிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருக்கும். சத்தம் அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியே வரும். சின்ன வயதில் டிக்கெட் இல்லாமல் பின்கதவு வழியாக நுழைந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ படம் பார்த்திருக்கிறாள். வெளிச்சம் துளை துளையாக அவள் பாவாடையில் விழும். பின்னாலிருந்து பார்த்ததால் அவளுக்குத் தெரிந்த கதாநாயகர்கள் அத்தனை பேரும் இடதுகைக்காரர்கள். பூசினால் துளை அடையும், துளை அடைந்தால் சத்தம் செத்துப்போகும். மினுங்கும் பெயிண்ட் என்றால் வெளிச்சம் நடுவில் கண்ணைக் கூசும், ஓரம் இருண்டுவிடும். கண்ணாடி தேய்க்கிறவளுக்கு இதைச் சொல்ல வேறு ஆள் வேண்டாம்.

மேனேஜர் எப்போதும் மேலே கேபின் பக்கமும் டிக்கெட் பக்கமும் இருந்தவர். திரைக்குப் பின்னால் போனதே கிடையாது. பெயிண்டருக்குச் சுவர் என்றால் பூச வேண்டியது, அவ்வளவுதான்.

பழைய பகை பழைய பகைதான், ஆனால் ஊர் ஆசைப்பட்டுச் செய்கிற வேலை. அவள் டீயை நீட்டிக்கொண்டே சொல்ல வாயெடுத்தாள். "சார், இந்தப் பெயிண்ட்..."

"என்னம்மா, பெயிண்டைப் பாத்ததும் அண்ணன் ஞாபகம் வந்துடுச்சா?" என்றார் மேனேஜர். "அவன் மட்டும் இங்க இருந்தான்னா டப்பா இந்நேரம் காலி. வாசனை இருந்தா போதும், எதையும் விட்டுவைக்கமாட்டான்."

சாரத்தின் மேலிருந்து பெயிண்டர் சிரித்தார். நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த நான்கைந்து பேரும் சிரித்தார்கள். பதினெட்டு வருடத்தில் அந்தப் பொய் அவர்களுக்கே உண்மையாகிவிட்டிருந்தது. மேனேஜர்கூட அதை நம்பத் தொடங்கிவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"பெயிண்டுக்கு என்னம்மா?" என்றார் பெயிண்டர்.

"நல்ல வெள்ளையா இருக்குண்ணே," என்றாள் அவள். "இன்னொரு டீ வேணுமா?"

மூன்று நாள், மூன்று பூச்சு. மூன்று நாளும் அவளே டீ கொண்டுபோனாள். ஒவ்வொரு பூச்சையும் நின்று கண்குளிரப் பார்த்தாள். மூன்றாம் நாள் கையைத் தூக்கி ஒரு மூலையைக் காட்டி, "அங்க கொஞ்சம் விட்டுப்போச்சுண்ணே" என்றுகூடச் சொன்னாள்.

"பாத்தியா, கண்ணாடிக்காரி கண்ணு," என்று மெச்சிவிட்டு அதையும் அடைத்தார் பெயிண்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக்குப் புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வேனில் வந்தன. கூடவே வாடகைக் கம்பெனியின் ஆபரேட்டர் ஒருவரும் வந்தார். முப்பது வயதிருக்கும், சட்டையை இன் பண்ணியிருந்தார், எல்லோரையும் சார் என்றார். ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"அதெல்லாம் முடியாது," என்றார் மேனேஜர். "ஓனர் வந்து கயிறை இழுத்துத்தான் படுதா விலகணும். அதுக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா அந்தத் திரையைப் பாக்கக் கூடாது."

"சவுண்டாவது செக் பண்றேன் சார்."

"பண்ணிக்க. படுதாவைத் தொடாத."

ஆபரேட்டர் பின்னால் போய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று சத்தத்தைச் சோதித்தார். கணீர் என்று இருந்தது. பின்னால் நின்றால் இருக்கத்தானே செய்யும்.

மதியம் மூன்று மணிக்கு உரிமையாளர் வந்தார். வெளுத்த தலை, கைத்தடி, சுள்ளென்ற பார்வை. கயிற்றை இழுத்தார். திரை பளபளத்தது. தெரு கைதட்டியது. படம் தொடங்கியது.

திரையின் நடுவில் டார்ச் அடித்ததுபோல ஒரு வெளிச்சத் திட்டு. அதற்குள் யார் வந்தாலும் முகம் வெந்துபோனது. ஓரத்தில் நின்றவர்கள் இருட்டில் நின்றார்கள். நாயகன் வாயைத் திறந்தான். கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறவனின் சத்தம் வந்தது.

"என்ன சொல்றான்?" என்றாள் தையற்கடை அக்கா.

"பல்லு வலி போலருக்கு," என்றது ஒரு குரல்.

கண்ணாடிக்கடைக்காரி கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில், கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது. பத்து நிமிடம் அவள் அனுபவித்த சுகத்தைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. முன் வரிசையில் மேனேஜரின் வழுக்கை வேர்ப்பதைப் பின்னாலிருந்தே பார்த்தாள்.

உரிமையாளர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "கிடங்குதான் சரி. நான் வரேன்."

"சார், சார், ஒரு நிமிஷம்." மேனேஜர் ஓடினார். நேரே ஆபரேட்டரிடம்தான் ஓடினார். கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து நிறுத்தினார். "இவன் வேலை சார் இது. காலைலேருந்தே ஒரு மாதிரிதான் இருந்தான். ஊதச் சொல்லுங்க சார். குடிச்சிருக்கான்."

"சார், நான் குடிக்கவே மாட்டேன் சார்," என்றார் ஆபரேட்டர்.

"குடிச்சவன் எவன் ஒத்துக்குவான்? இங்க இத்தனை பேர் சாட்சி இருக்கோம். ஒரு தாள்ல எழுதிக் கம்பெனிக்குக் கொடுத்துடலாம். யாருகிட்டப்பா பேனா இருக்கு?"

பெயிண்டர் சட்டைப்பையைத் தடவினார்.

அவளுக்குள் இறங்கிய ஜில்லென்ற சுகம் அப்படியே கல்லாகிவிட்டது. அடிக்க நினைத்தது மேனேஜரை. அடி விழுந்தது எங்கோ பிறந்த ஒருத்தன் மேல். அவனுக்கும் வீட்டில் ஒரு தங்கை இருக்கலாம். அவள் எழுந்தாள். நாற்காலி தானாக மடிந்து டப்பென்று அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அவர் மேல தப்பு இல்ல," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "திரை மேலதான். திரையில ஓட்டை இருக்கு. ஓட்டை வழியாத்தான் சத்தம் வரும். அதைப் பெயிண்ட் அடிச்சு அடைச்சுட்டீங்க."

"திரையில ஏது ஓட்டை?" என்றார் பெயிண்டர்.

அவள் ஆபரேட்டரைப் பார்த்து, "படத்தை நிறுத்தாதீங்க. கீழ் மூலையில கயிறு கட்டியிருக்கும். அவிழ்த்துத் தூக்குங்க" என்றாள். அவர் தூக்கினார். இடைவெளியில் வசனம் பீறிட்டு அரங்கம் முழுக்கக் கேட்டது. விட்டார். மறுபடி கம்பளி. இன்னொரு முறை தூக்கினார், விட்டார். மூன்றாவது முறை யாருக்கும் தேவைப்படவில்லை.

"அப்ப உனக்குத் தெரியுமா?" பெயிண்டர் மெதுவாகக் கேட்டார். "மூணு நாளும் நீதானே டீ கொண்டாந்த. மூலையைக் கூடக் காட்டுனியே."

"காட்டினேன்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி."

"பதினெட்டு வருஷம் முன்னாடி நீங்க பதினோரு பேரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே. எங்க அண்ணன் குடிக்கமாட்டான்னு."

படம் கம்பளிச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

உரிமையாளருக்குப் பொறுமை இல்லை. "பழங்கதை அப்புறம். இதைச் சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"முடியும் சார். எப்படின்னு எனக்குத் தெரியும்." அவள் முதல் முறையாக மேனேஜரின் கண்ணை நேராகப் பார்த்தாள். இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது என்று பழக்கத்தில் மனம் குறித்துக்கொண்டது. "அதுக்கு முன்னாடி மேனேஜர் சார் அந்த மேடையில ஏறி ஏழாவது ரீலைப் பத்திச் சொல்லணும்."

"மிரட்டுறியா?"

"ஆமா சார்."

மேனேஜர் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. தையற்கடை அக்கா, "சொல்லித்தான் தொலையுங்களேன், நான் தைச்ச நூத்தியிருபது உறையும் வீணாப் போகுது," என்றாள். உரிமையாளர் கைத்தடியால் தரையைத் தட்டினார். ஒரு வருடம் ஓடியாடி வாங்கிய வாக்கு வாசல்படி வரை போய்விட்டது. மேனேஜர் மேடையேறினார். படத்தின் வெளிச்சம் அவர் மேலேயே விழுந்ததில் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

அவள் கைப்பேசியில் அண்ணனை அழைத்தாள். "பேசாத, கேளு," என்று சொல்லி, கைப்பேசியை முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"ரீலை எடுக்கச் சொன்னது நான்தான்," என்றார் மேனேஜர், தன் செருப்பைப் பார்த்து.

"பின்னாடி கேக்கல சார்," என்றாள் அவள்.

"ஏழாவது ரீலை எடுக்கச் சொன்னது நான்தான்."

"அண்ணன் குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"முழுசாச் சொல்லுங்க சார்."

"ஆபரேட்டர் குடிக்கல. அந்தத் தாள் பொய். நான்தான் எழுதினேன்." சற்று நின்று, "போட்டவங்களுக்கும் தெரியும்," என்றும் சேர்த்துக்கொண்டார். விழும்போதும் தனியாக விழுகிற ஆள் இல்லை.

அவள் கைப்பேசியைக் காதில் வைத்தாள். அண்ணன், "யாரு, மேனேஜரா? குரலுக்கு வயசாயிடுச்சே," என்றான். அவ்வளவுதான் சொன்னான். வைத்துவிட்டான்.

உரிமையாளர் பதினைந்து நாள் தவணை கொடுத்தார்.

வழி எளியது என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. கரைப்பான் ஊற்றினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து போய்விடும். ஊசிதான். திரைக்கு முன்னால் விளக்கு வைத்து, பின்னால் நின்று பார்த்தால் ஒவ்வொரு துளையும் சின்னக் குழியாகத் தெரியும். குத்தினால் வெளிச்சம் வரும். வந்தால் அடுத்தது. கடைசியில் மினுமினுப்பைப் போக்கப் பெயிண்டர் மங்கலான பெயிண்டைப் புகைபோலத் தெளித்தால் போதும். சதுர அடிக்கு இரண்டாயிரத்து எண்ணூறு துளை. மொத்தம் பத்தொன்பது லட்சம். பதினோரு பேரில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள், இரண்டு பேர் ஊர் மாறிவிட்டார்கள். மீதி ஏழு, மேனேஜரோடு எட்டு. ஆளுக்குத் தினம் ஐந்து மணி நேரம், நொடிக்கு ஒன்று வீதம் குத்தினால் பதினான்கு நாளில் முடிந்துவிடும்.

"எட்டு பேரா? தெருவுல நாப்பது பேர் இருக்கோமே," என்றது ஒரு குரல்.

"எழுதினவரும் கையெழுத்துப் போட்டவங்களும் போதும்," என்றாள்.

தையற்கடை அக்கா ஊசிகளைப் பங்கிட்டாள். கையெழுத்துப் போட்டவர்களில் அவளும் உண்டு என்பதால் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். பெயிண்டர் பழையபடி சாரம் கட்டினார். கண்ணாடிக்கடைக்காரி சாக்குக்கட்டியால் திரையின் பின்பக்கத்தைக் கட்டம் போட்டுப் பிரித்துக் கொடுத்தாள். இடது ஓரத்தின் உச்சி மேனேஜருக்கு.

இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணன் அழைத்தான். பதினெட்டு வருடத்தில் அவனாக அழைத்தது அது மூன்றாவது தடவை.

"ஊசியால குத்துறாங்களாமே. கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"ஸ்பீக்கர் நடுவுலதானே வெச்சிருக்காங்க?"

"ஆமா."

"அப்ப அதுக்கு நேரா ஒரு ஆறடிக்கு ஆறடி தொறந்தாலே போதுமேடி. ஒரே நாள் வேலை. மிச்சம் அடைச்சே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"தெரியும்."

"எங்கேருந்து ஆரம்பிச்சிருக்காங்க?"

"ரெண்டு ஓரத்துலேருந்தும். நடுவுக்கு வர்றப்போ பதினாலாம் நாள் ஆயிடும்."

அண்ணன் சிரித்தான். கிடங்கின் சுவர்களில் அது மோதிக் கேட்டது. சிரித்து முடித்து, "பாவம்டி, விட்டுடு," என்றான். ஆனால் சொன்ன விதத்தில் அவசரம் எதுவும் இல்லை. அவளும் விடவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் மேனேஜர் கடைக்கு வந்தார். கட்டைவிரலில் பிளாஸ்திரி. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார். துளை கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று கலக்கிறது என்றார்.

அவள் உட்காரச் சொன்னாள். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். தொழிலில் அவள் யாருக்கும் குறை வைத்ததில்லை. பகைவனுக்கும் சரியான பவர்தான். வேறு யாருடைய வேலையையும் அன்று தொடாமல், அவர் காத்திருக்கும்போதே கண்ணாடியைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, துணியால் துடைத்துக் கொடுத்தாள்.

மேனேஜர் போட்டுக்கொண்டு கையை விரித்துப் பார்த்தார். ரேகை ரேகையாகத் தெரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு கணம் மலர்ந்தது, பிறகு எதற்காக இந்தக் கண்ணாடி என்பது நினைவுக்கு வந்து வாடியது.

"ஊர் முன்னாடி சொல்லிட்டேன். அவனும் கேட்டான்," என்றார். "இன்னும் உனக்குக் கோபம் தீரலையாம்மா?"

அவள் வில்லைகளை எண் வாரியாகப் பெட்டியில் திருப்பி அடுக்கினாள்.

"இந்தக் கண்ணாடியில நல்லாத் தெரியும் சார்," என்றாள். "நேத்து உங்க வரிசையில நானூறு துளை விட்டுப்போயிருக்கு. அதுலேருந்து ஆரம்பிங்க."